பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புடவை

நேற்று ஆபீஸில் என் அலமாரியைத் திறந்தபோது அரிசிக் கஞ்சியும் இஸ்திரிப் பெட்டியின் சிரட்டைக்கரிப் புகையும் கலந்த வாசனை வந்தது. நடுத்தட்டில் நீலச் சுங்குடிப் புடவை திரும்பி வந்திருந்தது. போன வாரம் மழையில் நனைந்து வந்த யாரோ அதை எடுத்துக் கட்டிக்கொண்டு போய், துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மடிப்பு உங்களுடையது அல்ல. வெயிலிலும் தூசியிலும் முதலில் சாவது கரைதான் என்று நீங்கள் கரையை உள்ளே மறைத்து மடிப்பீர்கள். இது கரை வெளியே தெரிய மடித்திருந்தது. ஆனாலும் வாசனை உங்களுடையதாகவே இருந்தது.

நீங்கள் போன செய்தியை உங்கள் மகன்தான் சொன்னான். வெளுக்கத் துணி எடுக்க வந்தவன், மூட்டையைக் கட்டிக்கொண்டே, "அம்மா போயாச்சு மாமி, பதினாறும் கழிஞ்சது" என்றான். "அப்படியா" என்றேன். அவன் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நேரில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், என்னைவிட நாலு வயது மூத்தவர் என்று தெரிந்த பிறகும். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் துணி வெளுக்கிற வீட்டாரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். படித்தவள் என்பதற்காக நான் மாற்றிக்கொள்ளவில்லை. எழுதும்போது அந்தச் சொல் வர மறுக்கிறது.

எழுபதுகளின் நடுவில், குழந்தைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, எனக்கு வில்லிங்டன் தீவில் வேலை கிடைத்தது. ஏற்றுமதிக்குப் போகும் மிளகையும் சுக்கையும் மஞ்சளையும் சோதிக்கிற ஆய்வுக்கூடம். ஓராண்டு தகுதிகாண் பருவம். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் வேறு இடத்துக்கு முயல வயது வரம்பு தாண்டியிருக்கும், என் எம்.எஸ்ஸி. சான்றிதழ் இரும்புப் பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு அதற்குத் தோன்றும்போது வரும். பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தால் பாக்கியம். இரண்டு மாதத்தில் நான்கு முறை வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்தது. கல்லூரி நாட்களில் பழகிய தைரியத்தில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். தோப்பும்படி போய்ப் பாலம் ஏறி இறங்கினால் அரைமணி நேரம். நேரம் சரியாகிவிட்டது. உடைதான் சரியாகவில்லை.

முதலில் மழைக்கோட்டு. என் கணவர் வாங்கி வந்த தடித்த ரப்பர் கோட்டு. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே நிற்கவில்லை. வேர்வையில் தெப்பமாக நனைந்து போய் இறங்கினேன். அப்புறம் என் படிப்பு குறுக்கே வந்தது. நைலான் இழை நீரை உறிஞ்சாது, ஆகவே சீக்கிரம் காயும், ஆகவே நைலக்ஸ் புடவை. காகிதத்தில் இதில் பிழை இல்லை. பாலத்தின் மேல் காயல் காற்று அதைப் பாய்மரம் மாதிரி விரித்தது. பாதியில் தூறல் பிடித்தது. தீவில் இறங்கியபோது அது உடம்போடு ஒட்டிக்கொண்டு, எதை மறைக்கவேண்டுமோ அதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. கேட்டில் இருந்த காவலாளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கண்ணியம்தான் என்னை அதிகம் கூசவைத்தது.

மறுநாள் துணி எடுக்க வந்த நீங்கள் அந்த நைலக்ஸைத் தூக்கிப் பார்த்தீர்கள். கரை முழுவதும் சைக்கிள் செயினின் கறுப்பு மசி.

"இதைக் கட்டிட்டா பாலத்து மேல போனீங்க? பட்டம் விடவா மாமி?"

"சீக்கிரம் காயுமே."

"காயும். காயற வரைக்கும் எப்படி இருக்கும்னு பாக்க வேண்டாமா?"

அந்தக் கேள்வி என் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அடுத்துச் சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டேன். சாலைக்கு அடர்ந்த நிறத்தில் ஒரு கைத்தறி, பலமுறை வெளுத்து மெத்தென்று ஆனது. அதற்குக் கஞ்சி கூடாது, நனைந்தால் பசையாகிவிடும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கட்ட வேண்டும். பாவாடையின் தையலை இரண்டு பக்கமும் முழங்கால் வரை பிரித்துவிட்டால் மிதிக்கக் கால் வரும். ஆபீஸ் புடவை தனியாக, பிளாஸ்டிக்கில் சுற்றி, கேரியரில்.

"நனையறதுக்குன்னு ஒண்ணு, நனையாம இருக்கறதுக்குன்னு ஒண்ணு. ஒரே துணி ரெண்டையும் செய்யும்னு நினைச்சீங்க பாருங்க, அதான்."

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. ஆனால் துணி வெளுக்கிறவர்கள் அளவுக்கு வானத்தை நம்பாதவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வகையில் நாம் ஒரே ஜாதி.

இத்தனைக்கும் நமக்குள் அப்போதே ஒரு கசப்பு இருந்தது. முந்தின வருஷம் இதே நீலச் சுங்குடி, மழை என்ற சாக்கோடு நாலு நாள் தாமதமாக வந்தது. மடிப்புக்குள் மல்லிகை வாசனை. தோள் பக்கம் ஊக்கு குத்திய துளைகள். நான் புடவைக்கு ஊக்கு குத்துவதில்லை.

"யார் கட்டிண்டா இதை?" என்று கேட்டேன்.

"யாரும் கட்டல மாமி. மத்தத் துணியோட மூட்டையிலதான் கிடந்துச்சு."

"உன் மூட்டைக்குப் பூ வெச்சு விடற வழக்கமா?"

இரண்டு மாதம் வேறு ஆளிடம் துணி போட்டேன். அவர் இரண்டு சட்டைகளைத் தீய்த்த பிறகு உங்களைத் திரும்ப வரச் சொன்னேன். ஒன்றும் நடக்காததுபோல் வந்தீர்கள்.

என் ஓராண்டு முடிகிற சமயம், தில்லியிலிருந்து ஒரு மேலதிகாரி வந்து என் வேலையை நேரில் பார்த்து எழுதுவதாக ஏற்பாடு. கர்க்கடக மாதம், அடைமழைக் காலம். முந்தின மாலை, அரக்குக் கரை போட்ட வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "நல்லா விறைப்பாப் போட்டிருக்கேன். பிளாஸ்டிக்கு மறந்துடாதீங்க." காலையில் பார்த்தால் துடைத்துவிட்டாற்போல் வெயில். பிளாஸ்டிக்கில் புழுங்கினால் கஞ்சி இளகிவிடுமே என்று வெறும் செய்தித்தாளில் சுற்றிக் கேரியரில் வைத்தேன். நான் வானத்தை நம்பியது அந்த ஒரு நாள்தான்.

தோப்பும்படியில் மழை பிடித்தது. பாலம் ஏறுவதற்குள் செய்தித்தாள் கூழாகி, புடவை நழுவி, மீன் லாரிகள் ஒழுகவிட்டுப் போன தண்ணீரில் விழுந்தது. எடுத்தேன். மத்தி நாற்றம். நான் வேலை செய்வது சுக்கை முகர்ந்து பார்த்துத் தரம் சொல்கிற இடம். தலையில் பூ வைத்துக்கொண்டு நுழையக்கூட அங்கே அனுமதி இல்லை. உடம்பில் இருந்த கைத்தறியோ பிழியப் பிழியத் தண்ணீர். ரவிக்கையும் பாவாடையும் கைப்பைக்குள் இருந்ததால் தப்பின. ஒன்பதரைக்கு அவர் வருவார். ஆய்வுக்கூட சைக்கிள் கொட்டகையில் நான் இறங்கியபோது மணி ஒன்பது.

அங்கே நீங்கள் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தீர்கள். தீவின் ஆபீசர் குவார்ட்டர்சில் கொடுக்க வேண்டிய வெளுத்த துணி மூட்டையோடு படகில் வந்தவர்.

"என்ன மாமி, மீன் விக்கப் போனீங்களா?"

புடவையைத் தூக்கிக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் உங்கள் சிரிப்பு நின்றது.

"பிளாஸ்டிக்கு?"

"வெயில் அடிச்சுதே."

"எம்.எஸ்ஸி.!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

பிறகு மூட்டையை அவிழ்த்து, நடுவிலிருந்து ஒரு புடவையை உருவினீர்கள். சாம்பல் நிறம், மெல்லிய பச்சைக் கரை.

"யாரோடது இது?"

"கேக்காதீங்க. நாலரைக்கு இங்கயே இருப்பேன், திரும்ப வேணும். ஒரு பொட்டுக் கறை பட்டா இந்தக் குவார்ட்டர்ஸ்ல எனக்கு இனி ஒரு வீடும் துணி போடாது."

"வேண்டாம்."

"பேடிக்காம, பயப்படாம கட்டுங்க மாமி. ஒரு வருஷமா மிதிச்சது இதுக்குத்தானே?"

கட்டினேன். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் என்னை இரண்டு முறை பார்த்தார். "இதுபோலெ ஒண்ணு என்டெ வீட்டிலும் உண்டல்லோ" என்றார் மலையாளத்தில். எங்கே வாங்கியது என்றும் கேட்டார். தெரிந்தவர் ஒருவர் கொடுத்தது என்றேன். அது பொய் இல்லை. நல்ல ரசனை உள்ளவர் என்று, தன் மனைவியைத்தான் மெச்சுகிறோம் என்பது தெரியாமல், அவர் மெச்சினார்.

அன்றைக்கென்று சோதனைக்கு வந்தது மஞ்சள். தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, மேஜையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, கரைசலின் ஒவ்வொரு சொட்டையும் மூச்சைப் பிடித்தபடி விட்டேன். என் வேலையை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. உங்கள் வேலைதான் என் கையில் இருந்தது. தில்லிக்காரர் என் குறிப்பேட்டில் 'மிகுந்த கவனம் உள்ளவர்' என்று எழுதிவிட்டுப் போனார். யாருக்கான கவனம் அது என்று அவருக்குத் தெரியாது.

நாலரைக்குக் கொட்டகையில் நீங்கள் அந்தப் புடவையை வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தீர்கள்.

"மஞ்சளா பாத்தீங்க இன்னிக்கு? ஈசுவரா. படல. சாரமில்ல, பரவால்ல, ராத்திரி அலசிப் போட்டு நாளைக்குக் குடுத்துடுவேன். மழைன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

மழை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்டிருந்தேன்.

"அந்த நீலச் சுங்குடி..." என்று ஆரம்பித்தேன்.

நீங்கள் மூட்டையை முடிந்துகொண்டே சொன்னீர்கள்: "தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாங்க மாமி. வீட்டுல இருந்ததெல்லாம் கிழிசல்."

"நிச்சயம் ஆச்சா?"

"ஆச்சே! இப்போ தூத்துக்குடியில இருக்கா. ராசியான புடவை உங்களுது." பிறகு என் குரலிலேயே, "'மூட்டைக்குப் பூ வெச்சு விடற வழக்கமா?'" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு மாதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "நாளைக்குத் துணி எடுக்க வா" என்றேன். அப்போதும் 'வா'தான்.

நாம் செய்தது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. தலைவரின் மனைவியை யாரும் கேட்கவில்லை. சுங்குடிக்கு என்னையும் யாரும் கேட்டிருக்கவில்லை. இரண்டு பக்கமும் நானே வாதாடிப் பார்த்துவிட்டேன், தீர்ப்பு வரவில்லை. நன்றி மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் முன்பே வந்துவிட்டது. ஆனால் அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லாமலே பதின்மூன்று வருஷம் துணி போட்டிருக்கிறேன்.

வேலை நிரந்தரமான அன்று அந்த நீலச் சுங்குடியை ஆபீஸ் அலமாரியில் கொண்டுவந்து வைத்தேன். நனைந்து வருகிறவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று பெண்களிடம் சொன்னேன். எத்தனை பேர் கட்டினார்கள், அதில் எங்கெல்லாம் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இப்போதும் சைக்கிளில்தான் போகிறேன். வெயில் எப்படி அடித்தாலும் பிளாஸ்டிக் இல்லாமல் கேரியரில் எதையும் வைப்பதில்லை.

நேற்று அந்தப் புடவையைப் பிரித்துப் பார்த்தேன். நீலம் வெளிறிவிட்டது. தோள் பக்கம், பழைய துளைகளுக்கு அருகில், புதிதாக ஓர் ஊக்குத் துளை. யார் கட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கரையை உள்ளே மறைத்து, நீங்கள் மடிப்பதுபோல் மடித்து, நடுத்தட்டில் திரும்ப வைத்தேன்.