எனக்கு முன்னால் நீ உட்கார்ந்த நாற்காலி

இன்று காலை கண் ஆஸ்பத்திரியில் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். சற்று நேரத்தில் தொண்டையில் அந்தக் கசப்பு இறங்கியது. பக்கத்தில் திரும்பி உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். அங்கே பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

நீ போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அழுகை எப்போதோ நின்றுவிட்டது. திகைப்பு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. மருந்தின் மங்கல் தெளிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று நாம் இருவரும் வேலை பார்த்த செராமிக் கம்பெனி வாசலில் கண் பரிசோதனை வேன் வந்து நின்றது. சர்க்கரை இருப்பவர்கள் கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். சர்க்கரை எனக்குத்தான். ஆபீசில் கணக்கு எழுதும்போது எண்கள் மங்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பாத்திரங்களுக்குக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு பூசும் இடத்திலிருந்து நீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து என்னை இழுத்துப் போனாய்.

"எனக்குப் பயமா இருக்குதுடி" என்றேன்.

"ஃபோட்டோதான எடுக்கறாங்க, ஊசியா போடறாங்க? இரு, நான் மொதல்ல ஒக்காந்து காட்டறேன்."

உன் பெயரையும் எழுதச் சொன்னாய். இருவருக்கும் மருந்து விட்டார்கள். "கண்ணுல வுட்டது வாயில கசக்குதேடி!" என்று வியந்தாய். உனக்கு நோய் என்று எதுவும் கிடையாது. கொஞ்ச நாளாகச் சோர்வாக இருக்கிறது, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். சூளைப் பக்கத்துச் சூடுதான் காரணம் என்று நாம் இருவருமே முடிவு கட்டியிருந்தோம்.

நாற்காலியில் உட்கார்ந்து, தாடையைக் கருவியின் மேல் வைத்து, உள்ளே தெரிந்த பச்சைப் புள்ளியைப் பார்த்தாய். பளிச்சென்று ஒரு வெளிச்சம். "அவ்ளோதான்டி. கல்யாண வூட்டுல எடுக்கறாப்லதான் இருக்குது" என்று சிரித்தாய்.

படமெடுத்த பெண் சிரிக்கவில்லை. மறு கண்ணை எடுத்தாள். பிறகு முதல் கண்ணையே திரும்பவும் எடுத்தாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதில் வேர் பிரிந்தாற்போல ரத்தக் குழாய்கள். அங்கங்கே சிவப்புத் திட்டுகள், சிலவற்றின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. டாக்டர் அதைப் பார்த்தார். என் கையில் இருந்த சர்க்கரை மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு கண்ணுலயும் ரத்தம் கசிஞ்சிருக்குதும்மா. எவ்வளவு நாளா சுகர்?"

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒண்ணும் ஆவாதுடி, நான் இருக்கறேன்ல?"

படமெடுத்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், அது இவங்க கண்ணு. அந்தம்மாவுக்கு இன்னும் எடுக்கவே இல்ல."

உன் கை என் கைக்குள்தான் இருந்தது. எனக்கு ஆறுதல் சொன்ன அதே விரல்கள் சில்லென்று ஆகி, விழப்போகிறவள் பிடிப்பதைப்போல என்னை இறுக்கின.

"எனக்கு சுகரே இல்லீங்களே சார். கண்ணு நல்லாத் தெரியுதுங்க. இவளுக்கு ஊசில நூல் கோத்துக் குடுக்கறதே நான்தாங்க."

"இருக்கலாம்மா. இது கண்ணு வியாதி மாதிரி இல்ல. ரத்தத்துல ஏதோ கோளாறு, அது கண்ணுல தெரியுது. நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் அவர்களே போன் செய்து, உடனே பாண்டிச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ரத்தப் புற்று என்றார்கள். உன் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். "சுகரு ஒனக்குத்தானம்மா? இவ கூடத்தான வந்தா?" அதில் கோபம் இல்லை. நம்ப முடியாமல் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

அடுத்த முறை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் கையெல்லாம் ரத்தம் கன்றிய நீலத் திட்டுகள். குரல் தேய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நீ கேட்டது ஒன்றுதான்.

"நீ ஃபோட்டோ எடுத்தியா?"

அன்றைய அமளியில் அது எனக்கு நினைவே இல்லை. தலையாட்டினேன், இல்லையென்று.

"ஏன்டி, பின்ன நான் எதுக்கு மொத ஆளா ஒக்காந்தேன்? எழுந்து போ. எடுத்துக்கினு வா."

உன் கோபத்துக்குப் பயந்து அங்கேயே கண் பிரிவுக்குப் போனேன். எனக்கும் கசிவு தொடங்கியிருந்தது. சில நாளில் லேசர் வைத்தார்கள். பார்வை பிழைத்துவிட்டது என்று சொல்ல ஓடி வந்தேன். நீ மயக்கத்தில் இருந்தாய். காதருகே குனிந்து சொன்னேன். கேட்டதோ என்னவோ. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். வேனில் அச்சடித்துக் கொடுத்த உன் கண் படத்தை மட்டும் உருவி என்னிடம் நீட்டினார். "இத நீயே வச்சிக்கம்மா. என்னால பாக்க முடியல."

அது என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வேறு யார் பார்த்தாலும் அது நீ என்று தெரியாது. எனக்கும் நெடுநாள் அதில் அந்தச் சிவப்புத் திட்டுகள் மட்டும்தான் தெரிந்தன. இப்போது எடுத்துப் பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. அந்தப் படம் எடுத்த நொடியில் உனக்கு எந்தப் பயமும் இல்லை. இமைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய், என் பயம் போகட்டும் என்று.