மோதிச் சாய்க்கும் வயது

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளி திறந்த முதல் நாளே பஸ்ஸில் இரண்டு சண்டை. இந்த டெக்சஸ் வெயிலில் பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? ஓட்டுகிற எனக்கே யாரையாவது அறையலாம் போல இருந்தது.

என் மகன் வெஸ்லி காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். இடுப்பில் செருகிய துணியைப் பிடுங்கும் ஆட்டம் சின்னப் பசங்களுக்காம். ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கையில் இடுக்கி ஓடுகிறவனை மோதிச் சாய்க்கும் நிஜ ஃபுட்பால்தான் வேண்டுமாம். எட்டு வயது. பயிற்சியாளன் என் தம்பி கார்லண்ட்தான், அவன் முடுக்கிவிட்டதுதான் இது. என் புருஷன் ராய்ஸ், பன்னிரண்டு வயது வரை கூடாது என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இல்லாதவன் கூடாது என்று சொல்வது சுலபம்.

ஆகஸ்ட் 20

ஐந்தாம் வகுப்புப் பயல் ஒருவன் வெஸ்லியின் முகத்தை முன்சீட்டுக் கம்பியில் இடித்தான். கண்ணாடியில் பார்த்தேன். ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் சட்டையெல்லாம் ரத்தம். அந்தப் பயலின் காலரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

வெஸ்லி திருப்பி அடிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அடிக்கத் தெரியாத பிள்ளையை இந்த ஊரில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சாயங்காலம் கார்லண்டிடமே கேட்டேன், இவன் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"இதுல என்னக்கா இருக்கு? கீழ விழுந்தா அழாம எழுந்திரிக்கிறானா, அவன் ரெடி. அப்பா என்னை அப்படித்தான் பார்த்தாரு. ஊரே அப்படித்தான்."

சரி என்று சொல்லிவிட்டேன். ராய்ஸுக்குப் போனில் சொன்னேன். "முடிவு பண்ணிட்டு எதுக்குக் கேக்கற?" என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 25

பயிற்சியின் முதல் நாள். பெற்றோர் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நடுவில் இரண்டு பையன்கள், தலைக்குத் தலை வைத்து மல்லாந்து படுப்பார்கள். விசில் ஊதியதும் துள்ளி எழுந்து மோத வேண்டும். வெஸ்லி கோதுமை மூட்டை மாதிரி விழுந்தான். மூச்சே வரவில்லை. நான் உள்ளே ஓடப் போனேன். எல்வா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள், அவள் மகன் ரூபனும் இதே டீம்தான், வெஸ்லிக்கு அவன் என்றால் உயிர்.

"போகாத டார்லா. இப்ப போனா அவன் மானம் போயிடும்."

எழுந்தான். உதடு கிழிந்திருந்தது. அழவில்லை. மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 2

இன்று வெஸ்லி ஒருவனைச் சாய்த்துவிட்டான். நல்ல கறியாகப் பார்த்து வறுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 4

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ரூபன் பந்தோடு வெஸ்லியைத் தாண்டி ஓடிவிட்டான். விசில் ஊதியாயிற்று. ஆட்டம் முடிந்தது. ரூபன் எல்வா பக்கம் திரும்பிக் கை ஆட்டினான். வெஸ்லி பக்கவாட்டிலிருந்து முழு வேகத்தில் வந்து தலையால் இடித்தான். கதவை அறைந்து சாத்தின மாதிரி ஒரு சத்தம். வட்டமே ஓவென்று கத்தியது. நானும்தான். "அப்படித்தான்டா! நொறுக்கு அவனை!" என் வாய்தான் சொன்னது. எல்வா என் பக்கத்தில் நிற்கிறாள்.

ரூபன் எழுந்திருக்கவில்லை. கண் திறக்கவே நேரமாயிற்று. காறை எலும்பு உடைந்து தோல் கூடாரம் மாதிரி நின்றது.

ஆம்புலன்ஸ் போனதும் கார்லண்ட் வெஸ்லியின் ஹெல்மெட்டில் மண்டையோட்டுப் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினான். பெரிய இடிக்கு ஒன்று, அதுதான் வழக்கம்.

"விசில் ஊதியாச்சேடா," என்றேன்.

"விசிலை அப்புறம் கத்துக்கலாம்க்கா. வெறியைக் கத்துக்குடுக்க முடியாது."

வண்டியில் வரும்போது வெஸ்லி கேட்டான்: "ரூபன் ஆஸ்பத்திரிக்கே போயிட்டானே, மாமா இன்னொரு ஸ்டிக்கர் தருவாரா?"

நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டேன். பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 5

எல்வா வலைக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினாள்.

"உன் பையன் பண்ணது சின்னப்புள்ள பண்ணது. நீ கத்தினியே, அது?"

கொண்டுபோன சூப்பைத் திரும்ப எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ராய்ஸ் வந்துவிட்டான். வெஸ்லி இனி ஆட வேண்டாம் என்றேன். இவன் என் பக்கம் பேசுவான் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அந்த இடியை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். உதட்டோரம் சிரிப்பு.

"பன்னெண்டு வயசுன்னு சொன்னது நீதானே?"

"அடி வாங்குவான்னு நெனச்சுச் சொன்னேன். இவன் குடுக்கறவன்டி."

ஹெல்மெட்டை எடுத்து வீசினேன். அவன் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. எழுந்து வந்து என் மணிக்கட்டை முறுக்கிச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். வலித்தது. எட்டி உதைத்தேன். நாற்காலி உடைந்தது.

வெஸ்லி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கிற முகம். ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறோம் நாங்கள்.

செப்டம்பர் 8

நான் தோற்றேன். சனிக்கிழமை முதல் போட்டி, வெஸ்லி ஆடுகிறானாம்.

செப்டம்பர் 11, வியாழன்

ரூபன் இன்று பஸ்ஸில் ஏறினான். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், மறு கையில் பை. எல்வா என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

வெஸ்லி சீட்டிலிருந்து எழுந்தான். பையை வாங்கிக்கொள்ளத்தான் கை நீட்டினான், எனக்குக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. ரூபன் பையைப் போட்டுவிட்டு, நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு, அப்படியே தரையில் குந்திவிட்டான்.

வெஸ்லியின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு அவன் போய்க் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்தான்.

செப்டம்பர் 12

நாளைய போட்டிக்கு டீம் சட்டை கொடுக்க கார்லண்ட் வந்தான். வெஸ்லி ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான்.

"இப்ப வேணாம் மாமா."

"என்னடா, பயமா?"

"ரூபன் என்னைப் பார்த்துக் குந்திட்டான்," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். விக்கி விக்கி, மூக்கு ஒழுக. ராய்ஸ் எழுந்து வெளியே போய்விட்டான்.

கார்லண்ட் என்னை முறைத்தான். "நீதானே சொல்லிக் குடுத்த?"

"இல்லடா."

அவன் நம்பவில்லை. ராய்ஸும் நம்பவில்லை. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 13, சனி

இந்நேரம் ஆட்டம் தொடங்கியிருக்கும். ராய்ஸ் தனியாகப் போயிருக்கிறான். வெஸ்லி இன்னும் தூங்குகிறான்.

அவன் எழுந்ததும் கூட்டிக்கொண்டு எல்வா வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன். இல்லை, ரூபனிடம் மன்னிப்புக் கேட்பதை அவனே பார்த்துக்கொள்வான். எல்வாவிடம் நான்தான் போக வேண்டும்.