தண்ணீர் ஏறும் நேரத்துக்கு ஓர் ஆள்

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கொச்சியில், பள்ளுருத்தியில் எங்கள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். போன வருடத்துக்கு இது பரவாயில்லை.

அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. என் வீட்டுக்காரர் செல்வத்தின் சட்டைகளை எல்லாம் வெளியே எடுத்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டிக் காயப் போட்டேன். நீலச் சட்டையின் காலரில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. மாட்டிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் சட்டைக்கும் இந்தக் கதிதான். அத்தை, அதாவது அவருடைய அம்மா, பார்த்துவிட்டு: "ஏன்டி, அவன் என்ன நாளைக்கா வர்றான்? தோரணம் கட்டி வெச்சிருக்கே!"

தேய்ப்புக்குக் கொடுக்க இரண்டை எடுத்து வைத்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

அவர் மஸ்கட் போய் இரண்டு வருடம் முடிகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்று வியாழனுக்குள் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு வேலை உறுதியானால் திரும்பி வந்துவிடுவார். அந்த வேலை உறுதியாவது நான் போட்டுக்கொண்டிருக்கும் எஸ்டிமேட்டில் இருக்கிறது. வேறு எந்தப் பெண்ணுக்கு இப்படி வாய்த்திருக்கும்?

ஜூன் 9, திங்கள்

செய்ய வேண்டியவை: குடோன் பின்சுவர் அளவு. பிராட்வே கடைத்தெருவில் கதவுக் கீல், தாழ்ப்பாள் விலை. அத்தைக்கு பி.பி. மாத்திரை. குடை ரிப்பேர்.

எங்கள் பாபு சேட்டனுக்குச் சின்னக் கான்ட்ராக்ட் கம்பெனி. அவர், நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கூட்டர். மட்டாஞ்சேரியில் பழைய அரிசிக் குடோன் ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்ற வேண்டும் என்று பெங்களூர் மேடம் ஒருவர் கேட்டிருக்கிறார். எழுபது லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டாராம். என் முதல் கணக்கு அதற்குள் அடங்கிவிட்டது. அதில் ஒரு வரி: 'சைட் சூப்பர்வைசர், எட்டு மாதம்.' விஷு அன்று பாபு சேட்டன் சொன்னது: "இந்தப் பணி நமக்குக் கிட்டினா செல்வத்தைக் கூப்பிட்டுக்கோ, கேட்டோ." அன்றிலிருந்து ஃபைலைத் திறந்தால் முதலில் அந்த வரி இருக்கிறதா என்றுதான் கண் போகிறது.

மதியம் அளவு நாடாவோடு போனேன். சந்து முனையில் ஒரு லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சந்துக்குள் லாரி நுழையாது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பாதி வழியில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், அடுக்கிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அங்கிருந்து வேறு ஆட்கள் தூக்குகிறார்கள்.

"அதென்ன சேட்டா, அங்கேயே வெச்சிட்டுப் போறீங்க?"

"போஸ்ட் வரைக்கும் எங்க யூனியன் ஏரியா. அதுக்கப்புறம் அவங்க ஏரியா. நீ இங்கத்தவதானே, இது அறியாதோ?"

அறிவேன். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். பார்த்துப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. வெட்டுக்கல், மணல், சிமென்ட், ஓடு எல்லாவற்றுக்கும் நான் ஒரே இறக்குகூலிதான் போட்டிருக்கிறேன். இரண்டு போட வேண்டும்.

அங்கிருந்தே நேரே ஆபீசுக்குத் திரும்பினேன். பிராட்வே போகவில்லை. மாத்திரையும் மறந்தேன், அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. தலைவலி.

புதுக் கணக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பாபு சேட்டன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். இத்தாலிய டைல் போனது. வாசல் தோட்டம் பாதியானது. இன்னும் தாண்டுகிறது. கடைசி வரி 'எதிர்பாராதவை'. அதை அவர் தொடமாட்டார், அவருக்கு அது சாமி மாதிரி. பேனா மேலே ஏறி சூப்பர்வைசரில் நின்றது.

"நான் ஸ்கூட்டர்ல ரெண்டு நேரம் போய்ப் பார்த்துக்கலாம். வேற வழியில்ல. எனக்கும் சங்கடமுண்டு, சுகந்தி."

அவர் மேல் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் பஸ்ஸில் இருக்கும்போது செல்வம் கூப்பிட்டார். சொல்லிவிட்டேன். "அந்த வரி போச்சு. நீங்க அங்கேயே கையெழுத்துப் போட்டுடுங்க." அதற்கும் அவரிடமிருந்து வழக்கமான கேள்விதான்: "தண்ணி எங்க நிக்குது?"

இடக்கொச்சியில் காயலோரம் பிறந்து வளர்ந்தவர். எப்போது கூப்பிட்டாலும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார். ஒருநாள் சொன்னார்: "கடல் இங்கயும் இருக்கு. ஆனா வீட்டுக்குப் பின்னால வந்து எட்டிப் பார்க்காது."

"நான் பஸ்ஸில நிக்கிறேன், தண்ணி எங்க நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று வெட்டிப் பேசி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கூடம் முழுக்க அவர் சட்டை. சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தேன். நீலச் சட்டையை மட்டும் வைக்கவில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் வெயில்!

குடோனைப் பின்பக்கத்திலிருந்து படம் எடுக்க வேண்டியிருந்தது. பின்வாசல் திறந்தால் நேரே காயல். கல்படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. பத்து மணிக்கு ஐந்து படி தெரிந்தது. உள்ளே போய் அளவெடுத்துவிட்டு, கொண்டுவந்த கப்பைக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்கும்போது அவர் போன். நேற்று வெட்டிப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

"தண்ணி எங்க நிக்குது?"

எட்டிப் பார்த்தேன். "ரெண்டு படிதான் தெரியுது. நல்லா ஏறிடுச்சு."

"வள்ளம் ஒண்ணு வந்து முட்டி நிக்கலாம்" என்றார், ஏக்கமாக. சும்மாதான் சொன்னார்.

கப்பையை அப்படியே மூடி வைத்தேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

முன்பு இந்தக் குடோனுக்கு அரிசி வந்ததே அந்த வழியாகத்தானே! இடக்கொச்சியில் மணல், வெட்டுக்கல் யார்டு தண்ணீரோரத்தில்தான் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டேன். வள்ளம் உண்டு, வாடகை லாரியைவிடக் கொஞ்சம் குறைவு. குடோன் பக்கத்து யூனியன் ஆபீசுக்கு நடந்தே போய்க் கேட்டேன். "பின்வாசல்ல இறக்கினா முழுசும் எங்க ஏரியாதான் மோளே. ஒரு கூலி மதி, அது போதும்."

ஒரு கூலி! ஆனால் வள்ளம் நினைத்த நேரத்துக்கு வராது. கடல் ஏற்றத்தில் காயல் தண்ணீர் ஏறினால்தான் படியில் அணையும். ஏறும் நேரம் தினமும் தள்ளித் தள்ளிப் போகும். ஒருநாள் காலை, இன்னொரு வாரம் அந்தி. வாசல் திறக்க, எண்ணி வாங்க, மழைக்கு முன்னால் சிமென்டை மூட, இங்கேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் இரண்டு நேரம் வந்து போவது நடக்காது.

திரும்பத் திரும்பக் கூட்டினேன். சூப்பர்வைசரோடு சேர்த்தே எழுபதுக்குள் நிற்கிறது. எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. அவர் வேண்டும் வேண்டும் என்று அடித்துக்கொள்கிற மனது கூட்டல் கழித்தலிலும் கை வைக்காதா? அதையே பாபு சேட்டனிடம் சொன்னேன். "நீங்களே ஒரு தடவை முதல்லேர்ந்து போட்டுப் பாருங்க. எனக்காக விட்டுடாதீங்க." அவர் சிரித்தார். "புருஷனுக்கு வேண்டி காயலையே எஸ்டிமேட்டில் வெச்சோ நீ?" ஆனால் உட்கார்ந்து போட்டார். பொறுமையாக, வாயால் முணுமுணுத்துக்கொண்டு. கணக்கு சரிதான்.

செல்வத்திடம் சொல்லவில்லை. மேடம் நாளைக்குத்தான் வருகிறார். உண்டு என்று சொல்லி மறுபடி இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஜூன் 12, வியாழன்

மேடம் வந்தார். அழகான பருத்திப் புடவை, நனைந்த செருப்பு. ஒவ்வொரு வரியாகக் கேட்டார். வள்ளம் அவருக்குப் பிடித்துவிட்டது, விருந்தாளிகளையும் அப்படிக் கொண்டுவரலாமா என்றார். கடைசி வரியில் மாட்டிக்கொண்டார். "எதிர்பாராதவை என்றால்? எதிர்பாராததற்கு இப்போதே எப்படி விலை போடுவீர்கள்?"

பாபு சேட்டன்: "மேடம், இந்தச் சுவரைத் தட்டினா உள்ளே என்ன இருக்கும்னு கட்டினவனுக்கே அறியாது. எந்தக் கணக்கிலும் அந்த வரி இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மேடம் சரி என்றார்! சூப்பர்வைசர் வரியை மட்டும் கேட்காமலே தாண்டிவிட்டார்.

வெளியே வந்ததும் செல்வத்தைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். 'கையெழுத்துப் போடாதீங்க' என்று மெசேஜ். ஒரே டிக். இன்றோடு கெடு முடிகிறது. போடச் சொன்னதே நான்தான். நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அத்தைக்கு மாத்திரை வாங்கினேன். இன்னும் ஒரே டிக்.

ஜூன் 13, வெள்ளி

மஸ்கட்டில் இன்று விடுமுறை. காலையிலேயே போன் வந்தது. நேற்று போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இது கூட்டாளியின் போன்.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லை. புதுப்பிக்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"நான்தானே வேலை இல்லைன்னு சொன்னேன்!"

"சொன்னே. உன் முதல் கணக்கு எப்போ கடைசிக் கணக்கா இருந்திருக்கு? நம்ம குளிமுறி டைலுக்கு நாலு தடவை மாத்தினவதானே?" பிறகு குரல் இறங்கியது. "வேலை இல்லைன்னாலும் வந்திருப்பேன் சுகந்தி. எனக்கு மதியாச்சு, போதும்."

வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. போனைப் பிடுங்கி அத்தைதான் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

இரண்டு மாதம் நோட்டீஸ். முதல் வள்ளம் அடுத்த மாதமே வந்துவிடும். செல்வம் வரும்வரை படியில் நீயே நில்லு என்கிறார் பாபு சேட்டன். நிற்கிறேன்.

நீலச் சட்டை தேய்ப்புக்குப் போயிருக்கிறது. சாயங்காலம் குடோனுக்குப் போய், கேட்காமலே அவருக்கு எழுதி அனுப்பினேன்: 'மேலிருந்து இரண்டாவது படி.'

இரண்டு மாதம். எந்தக் கணக்கிலும் எதிர்பாராதவைக்கு ஒரு வரி போடுவேன். இதில் போடவில்லை. ஒரு நாள் கூடினாலும் என்னால் முடியாது.