சென்சார் மேல் வைத்த சந்தனம்

அகரம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்ள சிவபிரகாஷுக்கு,

அந்தோணிராஜ் எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போனை எடுக்காததால் சேவுகம்பட்டிக்கே போய் உன் அம்மாவிடம் புனே விலாசம் வாங்கினேன். இரண்டு வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டார்கள். என் மகனுக்கு அங்கே ஏசி ரூமில் வேலையாம் என்று பூரித்துப்போய்ச் சொன்னார்கள். இங்கே நடந்ததைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

புதுக் கம்பெனியில் என்ன கேட்டு உன்னை எடுத்தார்கள்? மெக்கானிக்கல் படித்தவனுக்கு இன்னின்ன தெரிய வேண்டும் என்று கடைசி வருடம் நம்மை வறுத்தெடுத்தார்களே. வரைபடம் வாசிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் டிசைன் போட வேண்டும், இங்கிலீஷ் தடுமாறக் கூடாது. உன் பலவீனம் என்ன என்று கேட்டால், வேலை முடியாமல் தூக்கம் வராது சார் என்று சொல்லப் பழக்கினார்கள். கேன்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நிஜமாகவே தப்பு நடந்துவிட்டால் எப்படி வாய் திறப்பது என்று ஒருத்தரும் பழக்கவில்லை.

நம் மில் பொன்னழகு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ஓடுகிற மிஷினில் கையை விட்டது அவருடைய அஜாக்கிரதை என்றே மில் விசாரணையில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு நீ ஆசை ஆசையாக மிஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாய். அதில் ஒன்று கதவுச் சென்சார் மேலேயே விழுந்துவிட்டது. கதவைத் திறந்தாலும் மூடியிருப்பதாகவே அது காட்டியது. மறுநாள் நல்ல நேரம் போகிறது என்று மேனேஜர் பறந்ததில், கதவைத் திறந்தால் நிற்கிறதா என்று சோதிக்காமல் ஓட்டிவிட்டாய். சாமி மேல் குற்றமில்லை மாப்ள, துடைத்துவிட்டு ஓட்டுவது நம் வேலை. ரத்தத்தைக் கழுவியபோது சந்தனமும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நீ அழுதுகொண்டே என்னிடம் சொன்னதை விசாரணையில் அப்படியே சொன்னேன். கேட்டவன் சொன்னால் ஆகாது, ஓட்டியவனே வந்து சொல்லட்டும் என்றார்கள். உன் மேல் அம்புட்டு ஆத்திரம் வருகிறது. அழுத முகம் நினைவுக்கு வந்தால் அதுவும் நிற்பதில்லை.

நேற்று அண்ணனைப் பார்க்கப் போனேன். "கதவத் தொறந்தா மிஷின் நின்னுரும்ணேன்னு இஞ்சினியர் தம்பி சொல்லிக் குடுத்துச்சு. நான்தான் எங்கயோ தப்பாத் தொறந்துட்டேன் போல" என்றார். நடந்ததைச் சொன்னேன். அந்தத் தம்பி அப்படிச் செய்யாது என்று என்னையே அதட்டினார். கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் கதவைத் திறப்பது மாதிரி திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறாராம். எங்கே பிசகியது என்று தேடுகிறாராம். அவர் மனைவி சிவனம்மாள் சொல்லி அழுதார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமையோடு விசாரணை முடிகிறது. ரயில் ஏறி வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். விசாரணையில் உன் பக்கத்திலேயே நிற்கிறேன். புனே வேலை போனால் போகட்டும், படித்த படிப்பு எங்கேயும் போகாது. மில்லுக்கு வர மனசில்லையென்றால் அண்ணன் வீட்டுக்காவது வா. நீ சொன்னால்தான் அவர் நம்புவார்.

மாதாவிடம் உனக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். நீ எங்கே வேலை பார்த்தாலும் உன் கையில் ஒரு கீறலும் விழாமல் இருக்கட்டும்.

என்றும் உன்,
அந்தோணிராஜ்