சிவப்பில்லாத பாவு

ஆகஸ்ட் 7, ஞாயிறு
தராபுகோ சந்தையில் இன்று இரண்டு துணி போயிற்று. வெளிநாட்டுக்காரி ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு வாங்கினாள். என்ன வாசனை வந்ததோ. என் புருஷன் செவேரோ அர்ஜென்டினாவுக்குக் கரும்பு வெட்டப் போனதிலிருந்து எனக்கும் அத்தைக்கும் மகள் ரூஃபிக்கும் இந்தத் தறிதான் சோறு போடுகிறது. இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

ஆகஸ்ட் 16
வயலிலிருந்து வந்தால், அத்தை தறியில் புதுப் பாவு நூல் போட்டிருக்கிறாள். கறுப்பு, கருநீலம், ஊதா. மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் அந்த நிறத்தில் நெய்வார்கள்.
“யாரு செத்தா, அத்தை?”
“நீ போயி கிழங்கை உரி.”
பெற்ற மகனுக்கு உயிரோடு இழவு நெய்கிறாளே, இவள் மனுஷியா?

ஆகஸ்ட் 28, ஞாயிறு
என் தறியில் வேண்டுமென்றே சிவப்பாகப் போட்டிருக்கிறேன். சந்தையில் அத்தையை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தேன். தொப்பி விற்கிற பெலிசா சும்மா இருப்பாளா? “ஏன்டி, ஒரே வீட்டுல ஒருத்தி இழவு நெய்யிறா, ஒருத்தி கல்யாணம் நெய்யிறா. நாங்க அழுவணுமா, ஆடணுமா?”
அத்தையின் துணிதான் முதலில் விலை போனது. அபூர்வமான நிறமாம்.

செப்டம்பர் 13
கொழுந்தன் வந்திருந்தான். “அண்ணன் வர்ற மாதிரி தெரியல, அண்ணி. நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா நிலத்தை நான் பாத்துக்குவேன்ல?”
ஊர் வழக்கம் அவன் பக்கம். புருஷன் விட்டுப்போனவள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விதவை என்றால் நிலம் அவளுக்கு. அத்தை நூல் நூற்கும் கதிரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.
இதற்குத்தானா அந்தக் கறுப்பு? நிலத்துக்காக அவர் செத்துவிட்டார் என்று நான் சொல்லணுமா? மாட்டேன். பட்டினி கிடந்தாலும் மாட்டேன்.

அக்டோபர் 9, ஞாயிறு
சந்தையில் லியாந்திரோவைப் பார்த்தேன். அவரோடு கரும்பு வெட்டப் போனவன், அத்தையின் ஞானமகன், அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான். நானே கூப்பிட்டுக் கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.
“அம்மாகிட்ட எப்பவோ சொல்லிட்டேனே, அக்கா. உங்களுக்குச் சொல்லலையா?”
“இப்ப சொல்லு.”
“அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. அங்க ஒரு பொம்பளை... கைப்புள்ள ஒண்ணு இருக்கு. இனிமே வரமாட்டேன்னுட்டாரு.”
உயிரோடு இருக்கிறான். இதைத்தானே இத்தனை நாள் மண்டியிட்டு வேண்டினேன்? யாரோ வந்து விலை கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அக்டோபர் 10
“ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?”
“ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு ஒரு சாண் நிலம் கொடுப்பானுங்களா? செத்தவன் பொண்டாட்டின்னா கொடுத்துத்தான் ஆவணும்.”
“அவரு உங்க புள்ள, அத்தை.”
“ஆமா. பெத்தவ நான்தானே. நான் நெய்யாம வேற யாரு நெய்வா?”
அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அக்டோபர் 18
என் தறியிலிருந்த சிவப்புப் பாவு நூலை அறுத்துப் போட்டேன்.

நவம்பர் 1
செத்தவர்களுக்கு மேஜை போட்டு ரொட்டி படைக்கும் நாள். உயிரோடிருப்பவன் பேரில் ரொட்டி சுட்டால் அவன் அடுத்த வருஷத்தைப் பார்க்கமாட்டான் என்பார்கள். அத்தைக்கு இது தெரியாதா? மாவில் ஆள் உருவம் பிடித்தாள். முகம் வைக்கக் கை வரவில்லை. “நீ வையி” என்று என்னிடம் தள்ளினாள். வைத்தேன். மனசறிந்தே வைத்தேன்.

நவம்பர் 2
ஊரே வந்தது. கொழுந்தன் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினான், ரொட்டி வாங்கிக்கொண்டு போனான். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனிமேல் எப்படிப் பேசுவான்?
எல்லாரும் போனபின் ரூஃபி கேட்டாள்: “அப்பா எப்படிம்மா செத்தாரு?”
இதற்குப் பதில் யோசித்து வைக்கவே இல்லை.
“கரும்புக் காட்டுல பாம்பு கடிச்சிருச்சு” என்றேன்.
“ஆமாடி கண்ணு” என்றாள் அத்தை. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.