பூண்டு வாசம் போகாத நீல பேசின்

மதினி,

நேற்று மேல்மலையில் நம் போளூரிலிருந்து அண்ணன் பைக்கில் வந்தார். பின்சீட்டில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது உங்களுடைய நீல பேசின். "உனக்கு வேணும்ல" என்று மட்டும் சொல்லி வாசலில் வைத்தார். குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். அவர் என்றைக்கு அதிகம் பேசியிருக்கிறார்?

எனக்குத் துணையாக வந்திருக்கும் அம்மா அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துப் பார்த்துவிட்டாள். பூண்டு வாசம் போகவில்லை. நீங்கள் போனபிறகு அண்ணன் அதில் விதைப்பூண்டு போட்டு வைத்திருந்தாராம். இன்று காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பிரசவத் தையல் நனைய அதில் உட்கார்ந்தேன். ஆவியோடு பூண்டு வாசம் மேலே வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. உங்களுக்கு ஆபரேஷன் முடிந்து வந்த நாட்களில், கதவுக்கு வெளியே நின்ற என்னிடம் நீங்கள் உள்ளேயிருந்து கத்தியது நினைவுக்கு வந்தது. "ஏ புள்ள, ஊரு என்னய மகாராணின்னுச்சுல்ல, இந்தா சிம்மாசனத்துல உக்காந்துட்டேன்!"

மகாராணி. அதுதான் உங்களுக்கு ஊர் வைத்த பெயர். பூண்டு எடுத்துக் காயவைத்த பிறகு நம் வீட்டு முற்றத்தில் பெண்கள் எல்லோரும் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்து தாளும் வேரும் நறுக்குவார்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பேச்சும் கேலியுமாகப் போகும். நீங்கள் மட்டும் அந்த வட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. மூட்டை தூக்குவீர்கள், தண்ணீர் கொண்டுவருவீர்கள், நின்றபடியே சற்றுத் தள்ளி வேலை செய்வீர்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் உங்களுக்குத் தலைவலி வரும். "எங்க மருமகளுக்கு நம்ம கூட உக்காந்தா கௌரவம் கொறஞ்சிரும்" என்று அம்மாவே சொல்வாள். நீங்கள் மறுத்துப் பேசியதில்லை.

நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது, சித்தப்பா பேரனுக்குப் பழனியில் மொட்டை. வேன் வாசலில் நின்றது. உங்களுக்கு வழக்கமான தலைவலி. எனக்கும் கூட்டம் பிடிக்காது. படிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்டேன். நீங்கள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தீர்கள். வேனில் ஏறும்போது பேச்சியத்தை போட்ட சண்டையை நான் நடித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றது. முகம் வெளிறிப்போய்ப் பின்வாசல் வழியாக ஓடினீர்கள். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"சிரிக்கக்கூடப் பயமா இருக்கு புள்ள."

அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. சுடரை ஆம்புலன்ஸில், மலைப்பாதையின் வளைவுகளில் உருண்டபடி பெற்றீர்கள். தலை பெரிய குழந்தை, வேகமாக வந்தாள். உங்களுக்குக் கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், மேலே தோல் ஆறியது. உள்ளே ஆசனவாயைச் சுற்றியிருக்கும் தசை அறுந்தது அறுந்தபடியே கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து வாயுவையும் மலத்தையும் அடக்க முடியவில்லை. நாலு பேருக்கு நடுவில் உட்கார உங்களுக்கு அச்சம். அதைத்தான் ஊர் கர்வம் என்றது.

"ஏன் மதினி யாருகிட்டயும் சொல்லல?"

"புள்ள பெத்தா இப்படித்தான் ஆகும்னு நெனச்சேன். எல்லாருக்கும் இருக்கும், யாரும் வெளிய சொல்றதில்ல போலன்னு நெனச்சேன்."

சுடர் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அத்தனை வருடம். நான் எத்தனையோ கதைகளில் பிரசவம் படித்திருந்தேன். எல்லாவற்றிலும் குழந்தை அழும், தாய் கண்ணீரோடு புன்னகைப்பாள், அத்தியாயம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவளால் உட்கார முடிந்ததா என்று எழுதியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

இது காயம்தான், காயம் என்றால் வைத்தியம் இருக்கும் என்று மட்டும் நான் சொன்னேன். மற்றதெல்லாம் நீங்கள் செய்தது. மதுரைக்குப் போக முடிவு செய்தீர்கள். வழியில் ஆகிவிடக் கூடாதென்று முந்தின நாள் மதியத்திலிருந்து பட்டினி. வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட்டில், என் கையை இறுக்கிப் பிடித்தபடி வந்தீர்கள். டாக்டர் அறையில் வேறு நோயாளிகளும் நின்றார்கள். உங்களுக்குச் சங்கடமாக இருக்குமென்று நான் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். "நீ சும்மா இரு, என் ஒடம்ப நான் சொல்றேன்" என்று என்னைத் தள்ளிவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். குரல் நடுங்கியது, ஆனால் தணியவில்லை. நான் இன்றும் உங்களை நினைத்தால் அந்தக் குரலைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தது. மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள். இந்த நீல பேசின் அப்போது வாங்கியது. அதற்குத் தண்ணீர் சுடவைத்துக் கொண்டுவந்தது யார் தெரியுமல்லவா? கௌரவம் கொறஞ்சிரும் என்று பேசிய அதே அம்மா. தண்ணீரில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

அடுத்த பூண்டு அறுவடைக்கு நானும் ஊரில் இருந்தேன். நீங்கள் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு நேராக வட்டத்துக்குள் போய், பேச்சியத்தை பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"என்ன மகாராணி, வழி தவறி வந்துட்டீகளா?" என்றாள் பேச்சியத்தை.

"இல்லத்த. சுடரப் பெத்தப்ப எனக்குப் பின்னாடி வரைக்கும் கிழிஞ்சிருச்சு. காத்து வந்தாக்கூட அடக்க முடியாது. அதான் இத்தன நாளு தள்ளி நின்னேன். இப்பத் தச்சுட்டாங்க, உக்காந்துட்டேன்."

கத்திகள் எல்லாம் நின்றன. பேச்சியத்தை உங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அட கூறுகெட்டவளே, காத்து அடக்க முடியலைன்னா தள்ளி நின்ன? எங்க வீட்டு ஆம்பள ஒரு கிழிசலும் இல்லாம, ஊரு கூடுன எடத்துல நடுவுல உக்காந்துல்ல விடுறாரு!"

முற்றமே அதிர்ந்தது. நீங்களும் சிரித்தீர்கள், மதினி. பயப்படாமல், கடைசிவரை சிரித்தீர்கள்.

பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. "ஆஸ்பத்திரில புள்ள வர்ற வழிய வெட்டிவிட்டா இந்தக் கிழிசல் வராதுல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். மதுரை டாக்டர் சொன்னதை நீங்கள் அப்படியே சொன்னீர்கள்: எல்லோருக்கும் வெட்டத் தேவையில்லை, குழந்தைக்கு அவசரமென்றால் வெட்டுவார்கள், வெட்டினாலும் அதற்கு மேல் கிழியலாம். "வெட்டோ கிழிசலோ, எது ஆனாலும் ஆகட்டும். எதுவரைக்கும் போயிருக்கு, உள்ள பாத்தீகளான்னு கேட்டுட்டுத்தான் கட்டில விட்டு எறங்கணும்." அன்று சாயங்காலம் வட்டத்தில் வாயே திறக்காத ஒருத்தி பின்வாசலில் வந்து நின்றாள். மறுவாரம் அதே முதல் பஸ்ஸில் அவளோடு நீங்கள் போனீர்கள்.

போன வருடம் ஒரு வாரக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். எனக்குக் கல்யாணமாகிப் பள்ளங்கிக்கு வந்ததைப் பார்த்தீர்கள், என் மகள் இவளைப் பார்க்கவில்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் வலி முற்றியபோது, "வெட்டுறதா இருந்தா சொல்லிட்டு வெட்டுங்க டாக்டர்" என்றேன். வெட்டவில்லை, தானாகக் கொஞ்சம் கிழிந்தது. குழந்தையை நெஞ்சில் போட்டார்கள். அந்தச் சூட்டில் எல்லாம் மறந்துபோகும் என்பார்கள். நான் மறக்கவில்லை.

"எதுவரைக்கும் கிழிஞ்சிருக்கு டாக்டர்? பின்பக்கம் உள்ள பாத்தீங்களா?"

"அதத்தான்மா பாத்துக்கிட்டிருக்கேன். அந்தத் தசைக்கு ஒண்ணும் ஆகல, சின்னக் கிழிசல்தான். தச்சு முடிச்சதும் இன்னொரு தடவ விரல் வச்சுப் பாப்பேன்" என்றவர், கையுறையோடு நிமிர்ந்து சிரித்தார். "யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"எங்க மதினி" என்றேன். அந்த வலியிலும் அதைச் சத்தமாகச் சொன்னேன்.

அன்று வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் பெரும்பாறையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். நான் பிரசவ அறையில் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. "டாக்டர்கிட்ட என்னமோ கேட்டீங்களேக்கா, என்னது அது?" என்றாள். என்னை உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கக்கூடத் தயங்குகிறவள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்திருக்கலாம்.

எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, அவள் கட்டில்வரை போனேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது, மதினி. உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.