வாயில் விட்ட இரண்டு கரண்டி கஞ்சி

அண்ணி,

இன்று காலை அம்மாவின் சளிக்காகச் சூடான பாலில் முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கினேன். அந்தப் பச்சை வாடை எழுந்ததும் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நீங்கள் நின்ற நாட்கள் எல்லாம் திரும்பி வந்தன.

பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரை விட்டுப் போன மறு வருடம் அது. பக்கத்து ஊர் போலகத்தில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றப் போன அண்ணன் கூரையிலிருந்து தலைகுப்புற விழுந்தார். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ரப்பர் குழாய் செருகினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், முட்டை, சர்க்கரை, வடிகட்டிய கஞ்சி. அவர் தலையை உயர்த்தி வைத்து, புனலில் சிறிது சிறிதாக ஊற்றுவீர்கள்.

"வாயில ஒரு சொட்டுகூட விட்டுடாதீங்க. அவரால முழுங்க முடியாது, நெஞ்சுக்குள்ள போயிடும்" என்று நர்சம்மா நம் இருவரிடமும்தான் சொன்னார்.

ஏழாம் நாள் நீங்கள் துணி அலசப் போயிருந்தீர்கள். அண்ணனின் உதடு அசைந்தது. ஒரு வாரமாக நாக்கில் எதுவும் படாத மனிதர், பசிக்கிறது என்கிறார் என்றே நினைத்தேன். இரண்டு கரண்டி கஞ்சியை வாயில் விட்டேன். இருமினார், முகம் கறுத்தது, பிறகு இருமல் அடங்கியது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன். சாயங்காலம் காய்ச்சல் கண்டது; நெஞ்சுக்குள் கஞ்சி போயிருக்கிறது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் போய்விட்டார்.

"அவசரப்பட்டு ஊத்தி எம்புள்ளயக் கொன்னுட்டியேடி!" என்று அம்மா உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நீங்கள் மறுக்கவே இல்லை.

அதன்பின் நான்கு வருடம் அம்மா உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. போன மாதம் நீங்கள் படுத்த படுக்கையானபோதுதான் சொல்லத் தொடங்கினேன். முடிக்கவிடவில்லை நீங்கள்.

"தெரியும்மா. அவரு காதோரத்துல கஞ்சி காஞ்சு போயிருந்துச்சு. நாந்தான் தொடச்சேன்."

"ஏன் அண்ணி சொல்லல?"

"மகன் போயாச்சு. மகளையும் வெறுத்துட்டா அத்தை யாரை வச்சுக்கிட்டு இருப்பாங்க?"

நீங்களும் போய்விட்ட பிறகு, இன்று மத்தியானம்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். பிறகு, "அவ இருக்கையிலேயே சொல்லியிருக்கக் கூடாதாடி? கையப் புடிச்சு ஒரு வார்த்த பேசியிருப்பேனே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை உங்களுக்குக் கிடைக்காமல் செய்தவள் நான். அண்ணனுக்குச் செய்தது பசி என்று நினைத்துச் செய்தது. உங்களுக்குச் செய்ததைத் தெரிந்தேதான் செய்தேன், அண்ணி.